அடுத்ததாகப் பேசுபவர்

முதல் அநீதி, தோல் ஊறுகிற சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்குகிறவனுக்கு ரப்பர் பூட்சு கிடையாது என்றது. இரண்டாவது, பூட்சு கேட்டவனை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தியது. மூன்றாவது, ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கப் போன எங்கள் நான்கு பேரையும் ஆபீசுக்குள் வரச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, அத்துமீறி நுழைந்தார்கள் என்று ஸ்டேஷனுக்குப் போன் பண்ணியது. நான்காவது, நான்கு பேரையும் ஒரே கயிற்றில் கட்டிக் கடைவீதி வழியாக நடத்திக்கொண்டு போனது. ஐந்தாவது, ஸ்டேஷனில் நடந்தது. ஆறாவது, அதில் எங்களில் ஒருவனான சின்னக்காளை செத்துப்போனதை வலிப்பு வந்து செத்ததாக எழுதியது. ஏழாவது, அந்த எழுத்தை இத்தனை வருஷம் அப்படியே நிற்க விட்டது. இந்த வரிசை மாறக்கூடாது. துண்டறிக்கை எழுதுகிறவன் கோபப்படத் தேவையில்லை. வரிசையைச் சரியாக வைத்தால் படிக்கிறவன் கோபப்பட்டுக்கொள்வான். நான் எழுதக் கற்றதே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதைத் தாண்டாதவன், தோல்ஷாப்புத் தொழிலாளர் சங்க ஆபீசில் அச்சாகி வந்த துண்டறிக்கைகளை மடித்து அடுக்கும்போது ஒவ்வொன்றாகப் படித்துப் படித்து, பிறகு நானே எழுத ஆரம்பித்து, பிறகு நான் எழுதியதைப் படித்தவர்கள் வக்கீலிடம் போய் இதை எழுதியது எந்தப் பட்டதாரி என்று கேட்கும் அளவுக்கு வந்தவன். இப்போது கோர்ட்டு வராந்தாவில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து அந்த ஏழையும் வாய்க்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் என் மனைவி ஞானசௌந்தரி மடியில் இட்லிப் பொட்டலத்தோடு, போகிற வருகிற வக்கீல்களின் ஷூக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "என்ன, வாய் முணுமுணுங்குது?" "ஒண்ணுமில்ல." "இட்லி ஆறுது." "ஆறட்டும்." "உங்களுக்கு ஆறலாம். எனக்குப் பசிக்குது." "அப்ப சாப்பிடு." "நீங்க எந்திரிச்சு ஓடுனா கையில சாம்பாரோட எப்பிடித் துரத்துறது?" என்று கேட்டுவிட்டு அவள் மறுபடியும் ஷூக்களைப் பார்க்கிறாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. போன வாய்தாவில் நான் ஓடினேன். டவாலி வந்து பெயர் கூப்பிட்டார். என் பெயர்கூட இல்லை, பட்டியலில் எனக்கு முன்னால் இருந்த யாகூபின் பெயர். அதைக் கேட்டதும் எழுந்து ஓடினேன். ஞானசௌந்தரி என்னைப் பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்தபோது ஒரு காலில் செருப்பு இல்லை. இந்த முறையும் ஆள் இல்லையென்றால் சாட்சி விசாரணை முடிந்ததாக எழுதிவிடுவார்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார். உள்ளே இருந்த நான்கு பேரில் மிச்சம் நான் ஒருவன்தான். நான் கூண்டில் ஏறி அந்த ஐந்தாவதைச் சொல்லாவிட்டால் சின்னக்காளைக்கு வந்தது வலிப்பாகவே இருந்துவிடும். அவன் மனைவி பேச்சியம்மாள் உள்ளே சுவரோரம் நிற்கிறாள். உட்காரச் சொன்னால் உட்காருவதில்லை.

இந்த ஏழையும் இதே வரிசையில் ஹெப்சிபாவிடம் முதல் நாள் சொன்னேன். அரசு ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுக்கிற அறையைத் தாண்டிப் போனால் ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு மேஜை விசிறி, ஜன்னலுக்கு வெளியே நோயாளிகளின் போர்வைகள் காய்ந்துகொண்டிருக்கும். நான் டாக்டரம்மா என்றேன். "டாக்டர் இல்லைங்கய்யா, கவுன்சிலர்" என்றாள். கவுன்சிலர் என்றால் எங்கள் வார்டிலும் ஒருவர் இருக்கிறார், அவரிடம் சாக்கடைக்கே மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றேன். சிரித்தாள். சிரிக்க வைத்துவிட்டேன் என்ற தெம்பில் ஏழையும் மூச்சுவிடாமல் சொன்னேன், கை உயர வேண்டிய இடத்தில் கையை உயர்த்தி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி. அவள் கடைசிவரை கேட்டாள். என் மகள் வயது இருக்கும். நாகர்கோவில் பேச்சு. "அருமையாச் சொல்லுதீங்கய்யா. எத்தனை கூட்டத்துல பேசியிருப்பீங்க இத?" "கணக்கே இல்லம்மா." "எல்லாம் விவரமா இருக்கு. பூட்சு இருக்கு, கயிறு இருக்கு, கடைவீதி இருக்கு. அஞ்சாவது மட்டும் 'ஸ்டேஷன்ல நடந்தது'ன்னு மொட்டையா இருக்கே?" எனக்குச் சுருக்கென்றது. ஆத்திரம்கூட வந்தது. ஆனால் அந்த ஆத்திரத்துக்குள்ளேயே ஒரு ஆச்சரியமும் இருந்தது, அதைத்தான் இன்றுவரை தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். எத்தனையோ தலைவர்கள் அந்த அறிக்கையைத் திருத்தியிருக்கிறார்கள், ஒற்று போட்டிருக்கிறார்கள், 'சுரண்டல்' என்ற சொல்லை இன்னும் இரண்டு இடத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஒருவர்கூட ஐந்தாவதில் ஓட்டை இருக்கிறது என்று சொன்னதில்லை. நானும் கவனித்ததில்லை. நான் எழுதிய துண்டறிக்கையில் எனக்கே தெரியாமல் ஒரு அறையை யார் பூட்டி வைத்தது? கை என்னுடையது, பேனா என்னுடையது. அப்படியானால் பூட்டியவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான்? அடுத்த வாரம் நான் திரும்பிப் போனதற்குக் காரணம் தூக்கம் வராததோ ஞானசௌந்தரியின் நச்சரிப்போ இல்லை. அவனைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

அதற்குமுன் எத்தனை மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன் என்று எனக்குத் தெரியாது. பேப்பர் வந்து மடிப்பு கலையாமல் கிடக்கும். சங்கத்தில் பிளவு வந்து இரண்டு பக்கத்து ஆட்களும் வீட்டுக்கு வந்தார்கள், தோழர் யார் பக்கம் என்று கேட்டார்கள், நான் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரேஷன் கடையில் பெயரைக் கூப்பிட்டால் வேர்த்துவிடும், பையைக் கீழே போட்டுவிட்டு வந்துவிடுவேன். பாங்கில் அப்படித்தான், பஞ்சாயத்து ஆபீசில் அப்படித்தான். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவன் மைக்கில் பெயர் வாசித்துக்கொண்டிருந்தபோது பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்திருக்கிறேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், முதுமை என்று எல்லாவற்றின் மேலும் பழியைப் போட்டேன். மனசுக்கு வைத்தியம் என்பது வேலைவெட்டி இல்லாதவர்களின் சமாசாரம் என்று நானே மேடையில் பேசியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். அதனால் இரண்டாவது தடவை போனபோது ஹெப்சிபாவிடம் முறையாக என் ஆட்சேபணையைத் தெரிவித்தேன். ஒரு வர்க்கத்துக்கு நடந்த கொடுமையை ஒரு அறைக்குள் கொண்டுவந்து ஒருத்தனுடைய சீக்காக மாற்றுகிற ஏற்பாடு இது, இதனால் லாபம் யாருக்கு என்று யோசிக்க வேண்டும், கொடுமை செய்தவனுக்கு யாரும் மாத்திரை கொடுக்கவில்லை, வாங்கியவனுக்குத்தான் கொடுக்கிறார்கள் என்றேன். அவள் மறுக்கவில்லை. அது எனக்கு ஏமாற்றமாகப் போயிற்று, மறுத்தால் அன்றைய நேரம் அதிலேயே ஓடியிருக்கும். "நீங்க சொல்லுதது நெசந்தான். வர்க்கம் கொஞ்ச நேரம் வெளிய பெஞ்சில உக்காரட்டும். இப்ப மொய் மைக்கைக் கேட்டு எலையில இருந்து எந்திரிச்சது யாரு?" என்றாள். விசிறி ஒரு தடவை எங்களைச் சுற்றி வந்தது. சாப்பிடாமல் எழுந்தது ஒரு வர்க்கம் என்று சொல்லலாம்தான், ஆனால் அன்றைக்குப் பாயசத்தோடு கிடந்த இலை ஒன்றுதான்.

என் தப்பு என்னவென்றால், அந்த அறையையும் நான் பேச்சுவார்த்தை மேஜை என்று நினைத்துவிட்டேன். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. நிர்வாகத்தோடு உட்காரும்போது உயிரான கோரிக்கையை முதலில் வைக்கக்கூடாது. கேண்டீன் டீ தண்ணியாக இருக்கிறது, கக்கூசில் தாழ்ப்பாள் இல்லை, சைக்கிள் நிறுத்தக் கொட்டகை வேண்டும் என்று சில்லறைகளை முன்னால் தள்ளி, அவர்கள் அதில் ஒன்றிரண்டுக்கு இறங்கி வந்து களைத்துப்போன பிறகுதான் பையிலிருந்து பெரியதை எடுக்க வேண்டும். முதலிலேயே வைத்தால் அதைச் சில்லறையோடு சில்லறையாகப் பேரம் பேசிவிடுவார்கள். இந்தப் பழக்கத்தில் ஹெப்சிபாவுக்கு முழங்கால் வலியைக் கொடுத்தேன், பசியின்மையைக் கொடுத்தேன், மருமகனோடு சண்டையைக் கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றையும் மரியாதையாக வாங்கிக்கொண்டாள். வாரங்கள் போயின, வாய்தா நெருங்கியது. ஒருநாள் இந்தப் பேச்சுவார்த்தை முறையை அவளுக்குப் பெருமையாக விளக்கினேன், நம் கெட்டிக்காரத்தனத்தைத் தெரிந்துகொள்ளட்டும் என்று. கேட்டுவிட்டுக் கன்னத்தில் கைவைத்து, "அப்ப இங்க இன்னும் டீயும் தாழ்ப்பாளும்தான் ஓடுதாய்யா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாட்டிக்கொண்டவனின் சிரிப்பு. எதிர்த்தரப்பே இல்லாத மேஜையில் யாரைக் களைக்க வைத்துக்கொண்டிருந்தேன்? அன்றைக்குத்தான் அவள் கேட்டாள், பயம் வரும்போது முதலில் எங்கே வருகிறது என்று. மனதில்தான், வேறெங்கே என்றேன். போய்ப் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். பார்த்தேன். ரேஷன் கடைக்கு வேண்டுமென்றே போய் வரிசையில் நின்று பார்த்தேன். முதலில் வருவது வலது கெண்டைக்காலில். யாரோ விரலால் சுண்டுகிற மாதிரி. அது தொடைக்கு ஏறுகிறது, வயிற்றை விட்டுவிட்டு நேராகக் காதுக்குப் போகிறது, காது அடைக்கிறது, அதற்குப் பிறகுதான் மனதுக்குச் செய்தி வருகிறது, ஓடு என்று. நான் ஓடுவதாக நினைத்துக்கொண்டிருந்தது தப்பு. கால் ஏற்கெனவே ஓட ஆரம்பித்துவிடுகிறது, நான் பின்னால் போகிறேன். தலைமைக்குத் தெரியாமல் கிளை எடுக்கிற முடிவு! அதை அவளிடம் சொல்லும்போது எனக்கு உற்சாகமாகவே இருந்தது, புதிதாக ஒரு ஊரைக் கண்டுபிடித்தவன் போல. கால் சுண்டும்போது எழுந்திருக்காமல் பாதம் இரண்டையும் தரையில் அழுத்திக்கொண்டு, அது என்ன செய்கிறது என்று வெறுமனே பார்த்துக்கொண்டிருங்கள், அதுவாக ஏறும், அதுவாக இறங்கும் என்றாள். இது எங்களுக்குத் தெரியும், உள்ளிருப்புப் போராட்டம் என்போம், வெளியே போனால் கதவைப் பூட்டிவிடுவான் அதனால் இயந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது என்றேன். "நல்ல பேரா இருக்கே, மத்தவங்களுக்கும் சொல்லலாமாய்யா?" என்றாள். சொல்லலாம், காப்புரிமை கிடையாது என்றேன்.

யாரோ பெஞ்சின் அந்தக் கோடியில் உட்காருகிறார்கள். சிமெண்டு பெஞ்சு அசையாது, ஆனாலும் கனமான ஆள் உட்கார்ந்தால் தெரிகிறது. வெள்ளைச் சட்டை, முன்வழுக்கை, கையில் மஞ்சள் பை. எங்கேயோ பார்த்த மூக்கு. அவர்தான் என்னை முதலில் கண்டுகொள்கிறார். "சந்தியாகுதானே?" குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. ஏட்டு தங்கப்பாண்டி. அன்றைக்கு லாக்கப் சாவியை வைத்திருந்தவர். அடித்தவர் இல்லை, திறந்துவிட்டவர். அவரையும் சாட்சிக்கு அழைத்திருக்கிறார்கள். வலது கால் சுண்டுகிறது. பாதத்தை அழுத்துகிறேன். "நாந்தான்." "ஆளே மாறிட்டீங்க." "நீங்க மாறல, ஏட்டய்யா. சாவியை மட்டும் காணோம்." ஞானசௌந்தரி என் முழங்கையில் இடிக்கிறாள். அவர் சிரிக்க முயற்சி பண்ணுகிறார், பல் செட்டு இடம் கொடுக்கவில்லை. "வெயில் கடுமையா இருக்கு" என்கிறார். "ஆமா." "எஸ்.ஐ. அய்யா உள்ளதான் இருக்காரு. ஃபேனுக்கு அடியில. ஆஸ்துமா அவருக்கு." "எனக்கு முழங்கால் வலி. உங்களுக்கு என்ன?" என்று கேட்கிறேன். குத்தலாகத்தான் கேட்டேன், ஆனால் வாயைவிட்டு வந்ததும் நிஜமான கேள்வியாக ஆகிவிட்டது, எனக்கே விடை தெரிய வேண்டும் போலிருந்தது. அவர் மஞ்சள் பையின் காதைத் திருகிக்கொண்டே, "தூக்கந்தான்" என்கிறார். "தூக்கம் பத்தல. ரிட்டையர் ஆன பெறகு எல்லாருக்கும் அப்பிடித்தாம்ங்கறாங்க." அவருடைய வலது கால் ஆடிக்கொண்டிருக்கிறது. செருப்பின் நுனி தரையில் டப் டப்பென்று. என்னுடையது சுண்டுகிற அதே கால். இதென்ன கூத்து? திறந்தவனுக்கும் அதே கால்தானா? எனக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு வந்தது எங்களுடையது, நாங்கள் வாங்கியது, அதில் பங்கு கேட்க இவருக்கு என்ன பாத்தியதை? ஆனாலும் கண் அந்தச் செருப்பு நுனியைவிட்டு நகரவில்லை. இவருக்குக் காதிலும் அடைக்குமா? வயிற்றை விட்டுவிட்டுப் போகுமா, அல்லது போலீஸ்காரனுக்கு வேறு வழியா?

ஐந்தாவதைப் பையிலிருந்து எடுத்தது போன வாரம். ஹெப்சிபாவிடம் மேஜை விசிறியை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினாள். ஸ்டேஷனில் எஸ்.ஐ. கேட்டது, யார்றா இதுல கூட்டத்துக்குத் தலைமை தாங்குறவன் என்று. மூன்று பேரும் பேசவில்லை. நான்தான் என்றேன். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது, கட்டிய கயிற்றோடு நின்றபோதும் இருந்தது. மைக் இல்லாமலே ஆபீசுக்குள் இருக்கிற முதலாளிக்குக் கேட்கும் குரல் என்று ஊரில் பெயர். அப்ப இங்கயும் நீயே தலைமை தாங்கு என்றார். நாலு பேரும் பேசணும்ல, ஒவ்வொருத்தனா கூப்பிடு, கூட்டத்துல எப்பிடிக் கூப்பிடுவியோ அப்பிடி, அதே சத்தத்துல. லாக்கப் கம்பிக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினார்கள். நான் மாட்டேன் என்றேன். நீ சொல்லாட்டி மூணு பேரையும் ஒண்ணா என்றார், பக்கத்து அறையைக் காட்டி. இவ்வளவையும் ஹெப்சிபாவிடம் சொல்லிவிட்டு நின்றுவிட்டேன். அதற்குமேல் எனக்கே அது இல்லை. இருட்டு, பிறகு நான் கூப்பிட்டுவிட்டேன், அவ்வளவுதான் ஞாபகம். இத்தனை வருஷமும் அப்படித்தான். அவள், பரவாயில்லை என்று சொல்லவில்லை, உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பேன், மன்னிப்பு வழங்க அவள் யார்? "தரை எப்பிடி இருந்துது?" என்று கேட்டாள். தரையா? தரை ஈரம். யாரோ கழுவிவிட்டிருந்தார்கள். பினாயில் வாசனை. எங்கள் உடம்பில் தோல் வாசனை. "பக்கத்துல யாரு?" இடது பக்கம் யாகூப். "அவரு கை எங்க?" அவன் கை என் தோளில் இருந்தது. என் தோளில் அவன் கை இருந்தது! சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கையைத் தொடர்ந்து குரலும் வந்தது. யாகூப் சொன்னான், சொல்லுப்பா சந்தியாகு, நான் போறேன், முதல்ல போறவனை அடிக்கையில எஸ்.ஐ. கை ஓயாம இருக்கும், என் உடம்பு தாங்கும். அந்த வார்த்தைகள் எங்கே இருந்தன அத்தனை காலம்? நான் வாசித்த காகிதங்களெல்லாம் ஞாபகம் இருக்கிறது, எந்த வருஷத்துக் கோரிக்கையில் எத்தனையாவது வரி என்று சொல்வேன், என் காதருகே சொன்னது மட்டும் எந்த இடுக்கில் விழுந்து கிடந்தது? நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன். அடுத்ததாகத் தோழர் யாகூப் அவர்கள் உரையாற்றுவார். ஏட்டு சாவியைப் போட்டார். அவனைத் திரும்பக் கொண்டுவந்து போட்ட பிறகு, அடுத்ததாகத் தோழர் மிக்கேல் அவர்கள் உரையாற்றுவார். மிக்கேல் எங்கள் கூட்டங்களில் நேரம் தெரியாமல் பேசுகிறவன், சீட்டு கொடுத்து நிறுத்த வேண்டும். போகும்போது திரும்பி, நேரமின்மை காரணமா சுருக்கமா முடிச்சிட்டு வர்றேன் தலைவரே என்றான். அதையும் நான் மறந்திருந்தேன். ஹெப்சிபாவின் அறையில் எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது, வெளியே இருந்த ஆயா எட்டிப் பார்த்தாள். மூன்றாவதாகச் சின்னக்காளை. அவன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டான். அவனை நடத்திக் கொண்டுவரவில்லை. கடைசியில் எஸ்.ஐ., தலைவர் முடிவுரை இருக்குல்ல, உன் பேரையும் நீயே கூப்பிட்டுக்க என்றார். கூப்பிட்டேன். "குரல் எப்பிடி இருந்துது?" என்றாள் ஹெப்சிபா. "நல்லா இருந்துச்சும்மா" என்றேன். "கொஞ்சம்கூட நடுங்கல. அதான்." அவள் எழுந்து விசிறியை மறுபடியும் போட்டாள். கடைசியாக, "அந்தக் கொரலு யாருக்கு வேணும்னு அவரு முடிவு பண்ணுனாரு அன்னிக்கு. இந்த வாய்தாவுல யாருக்கு வேணும்னு நீங்க பாருங்க. பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லணும், எனக்கும் தெரியணும்" என்றாள்.

கதவு திறக்கிறது. டவாலி வெளியே வருகிறார், தோளில் பட்டையும் கையில் காகிதமும், உயரமான ஆள், சளி பிடித்திருக்கிறது போல, தொண்டையைச் செருமுகிறார். வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் நிமிர்கிறோம். வெவ்வேறு வழக்குகளின் சாட்சிகள், ஒரே முகம். யாகூபின் இறப்புச் சான்றும் மிக்கேலின் இறப்புச் சான்றும் இன்னும் கோர்ட்டுக்கு வந்து சேரவில்லையாம், அதனால் செத்தவர்களையும் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டுமாம், வக்கீல் முன்பே சொல்லியிருந்தார். "யாகூப்!" கெண்டைக்கால். "யாகூப்!" தொடை, பிறகு வயிற்றை விட்டுவிட்டுக் காது. காது அடைக்கிறது, பார், அடைக்கிறது, பினாயில் வாசனை வருகிறது, இந்த வராந்தாவிலும் யாரோ கழுவியிருக்கிறார்கள் அல்லது கழுவவில்லை, பாதம் தரையில் இருக்கிறது, செருப்பு இரண்டும் இருக்கிறது. "யாகூப்!" எழுந்திருக்கிறார்கள். யார் எழுந்தது? நான் இல்லை. ஏட்டு. ஏட்டு தங்கப்பாண்டி எழுந்து, யாரோ பின்னால் கூப்பிடுவதுபோல ஒரு தடவை திரும்பி, மஞ்சள் பையைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு, படியை நோக்கிப் போகிறார். முதலில் நடை, மூன்றாவது படியிலிருந்து ஓட்டம். கனத்த உடம்பு, கைகளைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டு, இருட்டில் சுவரைத் தேடுகிறவன் போல, வேப்பமரத்தடியில் நிற்கிற ஸ்கூட்டர்களுக்கு நடுவே புகுந்து புகுந்து. "இப்பிடித்தாங்க போனீங்க நீங்களும்" என்கிறாள் ஞானசௌந்தரி, மெதுவாக, வேறு எதையோ பார்த்துக்கொண்டே. இப்படித்தானா? நான் ஓடும்போது எப்படி இருப்பேன் என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. கோழை ஓடுவதுபோல இருக்கும் என்று நினைத்திருந்தேன், அந்த நினைப்பிலேயே எத்தனை காலம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். இது கோழை மாதிரி இல்லையே. தீப்பிடித்த வீட்டிலிருந்து வருகிறவன் மாதிரி இருக்கிறது. வீட்டைத்தான் காணோம். அவருக்காக நான் பரிதாபப்படப் போவதில்லை, சாவி திரும்பிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. அறையைத் தாண்டி ஒரு அறை இருக்கிறது என்று அவருக்கு யாராவது சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். இன்றைக்குச் சொல்ல மாட்டேன். இவ்வளவையும் யோசித்து முடித்துப் பார்க்கிறேன், காது திறந்திருக்கிறது. எப்போது திறந்தது? கவனிக்கத் தவறிவிட்டேனே. டவாலி காகிதத்தில் பேனாவால் யாகூபின் பெயரைத் தள்ளப் போகிறார், ஆஜரில்லை என்று எழுதுவார், ஓடிப்போனவனுக்கும் அதைத்தான் எழுதுவார்கள், செத்தவனுக்கும் அதைத்தான். "அய்யா" என்று நான் கூப்பிடுகிறேன். சத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் வந்துவிட்டது, இரண்டு வக்கீல்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். "யாகூப் இறந்துட்டாருங்க. நுரையீரல்ல புண்ணு. கடைசி வரைக்கும் கோர்ட்டுக்கு வரணும்னு சொல்லிக்கிட்டிருந்தாரு."

டவாலி என்னைப் பார்க்கிறார், காகிதத்தைப் பார்க்கிறார். "நீங்க அவருக்கு யாரு?" "கூட இருந்தவன்." அவர் ஏதோ எழுதுகிறார், ஆஜரில்லை என்பதைவிட நீளமாக. "மிக்கேல்!" கால் சுண்டுகிறது, சுண்டட்டும். "இறந்துட்டாருங்க" என்கிறேன். "எப்ப?" "ரெண்டு வருஷம் ஆச்சு. கூட்டத்துல பேசிக்கிட்டிருக்கும்போதே. அன்னிக்கும் நேரத்தைத் தாண்டிதான் பேசுனாரு." டவாலிக்கு இது எதற்கு? ஆனாலும் அவர் முகத்தில் ஒரு சின்ன அசைவு, மீசைக்குக் கீழே. மூன்று தடவை கூப்பிட வேண்டிய பெயரை ஒரு தடவையோடு விட்டுவிடுகிறார். திறந்த கதவு வழியாக உள்ளே தெரிகிறது: ஃபேனுக்கு அடியில் வயதான ஒரு தலை, சுவரோரம் பேச்சியம்மாள், முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வராந்தாப் பக்கம் திரும்பி நிற்கிறாள், காது கொடுத்துக் கேட்கிறாள். யாருக்கு வேணும்னு பாருங்க என்றாளே ஹெப்சிபா. பார்க்கிறேன். அடுத்தது என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். அது எந்தக் குரலில் வரும் என்பது தெரியாது. முப்பது வருஷத்துக்கு மேலாக அதை ஒரே ஒரு குரலில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நடுங்காத என் குரலில், கம்பிக்குப் பக்கத்தில். வேறு ஒருத்தர், ஒரு பகையும் இல்லாமல், சளி பிடித்த தொண்டையோடு, உத்தியோகத்துக்காகச் சொன்னால் அது எப்படி இருக்கும்? நிஜமாகவே கேட்க ஆசையாக இருக்கிறது. காலில் அது ஏறுகிறது, ஏறிக்கொண்டே இருக்கிறது, இது ஓடுவதற்கு ஏறுகிறதா எழுந்து நிற்பதற்கு ஏறுகிறதா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை, இரண்டுக்கும் ஒரே கால்தானே, இதை ஹெப்சிபாவிடம் சொல்ல வேண்டும். எழுந்து நிற்கிறேன். வேட்டியைச் சரிசெய்கிறேன். ஞானசௌந்தரி இட்லிப் பொட்டலத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு அவளும் எழுந்து நிற்கிறாள், துரத்துவதற்கா என்று கேட்க நினைக்கிறேன், கேட்கவில்லை. வராந்தாவில் இருந்த அத்தனை சாட்சிகளும் பார்க்கிறார்கள். டவாலி காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தொண்டையை இன்னொரு தடவை செருமி, எல்லோருக்கும் கேட்கும்படி நிறுத்தி வாசிக்கிறார்:

"இன்னாசி மகன் சந்தியாகு!"